பெட்டிக்குத் திறந்த கடல்

2022 ஆகஸ்ட் 7 அன்று, அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் 'சார்ல்ஸ் ட்ரூ' காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்துக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுதுபார்க்க இந்தியாவுக்கு வருவது அதுவே முதல்முறை. பாதுகாப்புத் துறைச் செயலாளரே டெல்லியிலிருந்து வந்து வரவேற்றார். ஆகஸ்ட் 15 அன்று கட்டுநாயக்கவில் இந்தியா ஒரு டோர்னியர் கண்காணிப்பு விமானத்தை இலங்கைக் கடற்படைக்குக் கொடுத்தது. மறுநாள் சீனாவின் தடமறியும் கப்பல் 'யுவான் வாங் 5' அம்பாந்தோட்டையில் வந்து நின்றது. டெல்லியின் கவலைக்குப் பணிந்து முதலில் ஒத்திப்போடச் சொன்ன கொழும்பு, பிறகு மனம் மாறி அனுமதித்த கப்பல் அது.

பத்து நாளுக்குள் நடந்த இந்த மூன்றையும் அடுக்கிவைத்துத்தான் அப்போது பத்திரிகைகள் இந்தியா–இலங்கை உறவைப் பேசின. சீனா எவ்வளவு நெருங்கிவிட்டது, அமெரிக்கா எவ்வளவு நெருங்குகிறது, நடுவில் டெல்லியின் கை ஓங்கியிருக்கிறதா என்பதே பேச்சு. அதே ஆண்டு மார்ச் 22 முதல் இன்னொரு வரத்தும் இருந்தது. பெட்ரோலும் பால்மாவும் கிடைக்காத இலங்கையின் வடக்கிலிருந்து குடும்பங்கள் ஃபைபர் படகில் ஏறி, தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள மணல்திட்டுகளிலும் கரையிலும் இறக்கிவிடப்பட்டன. முதல் நாளில் பதினாறு பேர், கைக்குழந்தை உட்பட. அவர்கள் மண்டபம் முகாமுக்குப் போனார்கள். அவர்களை அகதிகள் என்று எழுதுவதா, சட்டவிரோதமாக நுழைந்தவர்கள் என்று எழுதுவதா என்பதிலேயே அதிகாரிகள் மாதக்கணக்கில் குழம்பினார்கள்.

அண்டை நாட்டோடு கெட்டுப்போன உறவைச் சீராக்குவது என்றால் தூதரகமும் கொடியும் கைகுலுக்கலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இலங்கை விஷயத்தில் அந்த அளவுகோல் உதவாது. இரு நாடுகளும் தூதரக உறவை ஒருநாளும் முறித்துக்கொண்டதில்லை. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப்படை அனுமதி பெறாமல் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டபோதும் முறியவில்லை. அதே ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள், ஜூலை 30 அன்று, கொழும்பு அணிவகுப்பு மரியாதையில் ஒரு கடற்படைச் சிப்பாய் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் தாக்கியபோதும் முறியவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பலிகொடுத்த இந்திய அமைதிப்படையை இலங்கை அதிபர் பிரேமதாசா வெளியேறச் சொல்லி, 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுக் கிளம்பியபோதும் இரண்டு தலைநகரிலும் தூதர்கள் இருந்தார்கள். அறுந்தது போக்குவரத்து. அதை யாருக்கு முதலில் திறந்தார்கள், யாருக்கு இன்னும் திறக்கவில்லை என்பதே உறவின் உண்மையான கணக்கு. அதைப் படிக்கக் காட்டுப்பள்ளியைவிடத் தோதான இடம் டெல்லியில் இல்லை.

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, ஒருபுறம் பக்கிங்ஹாம் கால்வாயும் உப்பங்கழியும், மறுபுறம் வங்கக் கடலுமாக நீண்டு கிடக்கும் மணல்மேடு காட்டுப்பள்ளி. தெற்கே ஒட்டியபடி காமராஜர் துறைமுகம், வடக்கே பழவேற்காடு. இங்கே எல் அண்ட் டி கட்டிய சரக்குத் துறைமுகம் 2013இல் இயங்கத் தொடங்கியது. 2018இல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது. கப்பல் கட்டும் தளம் எல் அண்ட் டியிடமே இருக்கிறது. ஆண்டுக்கு 2.4 கோடி டன் என்ற கொள்ளளவை 32 கோடி டன்னாக உயர்த்தும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்க்கிறார்கள். கருத்துக்கேட்புக் கூட்டம் ஒருமுறைக்கு மேல் தள்ளிவைக்கப்பட்டது. அது தனிக் கட்டுரைக்குரிய வழக்கு என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளிலிருந்து கன்டெய்னர் லாரிகள் இந்தப் பக்கத்துத் துறைமுகங்களுக்கு இரவு பகலாக வருகின்றன. சென்னை வட்டாரத்தில் ஏறும் பெட்டிகளில் கணிசமானவை நேராக ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போவதில்லை. ஃபீடர் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே இறங்கி, தாய்க்கப்பலுக்கு மாறுகின்றன. கொழும்புத் துறைமுகம் ஆண்டுக்கு இருபதடி அளவில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கையாள்கிறது. அதில் பெரும்பங்கு இப்படிக் கப்பல் மாறும் சரக்கு; அதிலும் பாதிக்கு மேல் இந்தியச் சரக்கு. இந்தியப் பெட்டி வராவிட்டால் கொழும்பு வெறும் உள்ளூர்த் துறைமுகமாகச் சுருங்கும். கொழும்பு மூடினால் சென்னை வட்டார ஏற்றுமதியாளர் சிங்கப்பூர்ப் பக்கம் ஓட வேண்டியிருக்கும். பரஸ்பரச் சார்பு என்றால் இதுதான். உள்நாட்டுப் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் குண்டு விழுந்த 2009 மே மாதத்திலும் இந்தப் பெட்டி ஓட்டம் நிற்கவில்லை.

நிற்காதது மட்டுமல்ல, அரசியல் காயங்களையும் அது சீக்கிரம் ஆற்றிக்கொள்கிறது. கொழும்பின் கிழக்கு முனையத்தை இந்தியா, ஜப்பானோடு சேர்ந்து நடத்த 2019 மே மாதம் ஒப்புக்கொண்ட இலங்கை, துறைமுகத் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் 2021 பிப்ரவரியில் பின்வாங்கியது. டெல்லிக்கு அது கசப்பு. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரிலேயே மேற்கு முனையம் அதானிக்குக் கொடுக்கப்பட்டது. அதானிக்கு 51 விழுக்காடு, ஜான் கீல்ஸ் நிறுவனத்துக்கு 34, இலங்கைத் துறைமுக அதிகாரசபைக்கு 15. 2025 ஏப்ரலில் முனையம் இயங்கத் தொடங்கியது. காட்டுப்பள்ளியில் பெட்டியை ஏற்றும் குழுமமே கொழும்பில் அதை இறக்கவும் செய்யலாம் என்ற நிலை வந்துவிட்டது. ஏழு மாதத்தில் ஒரு மனத்தாங்கல் தீர்ந்ததென்றால், பணத்துக்குப் பொறுமை குறைவு என்பதே காரணம்.

காட்டுப்பள்ளியில் கட்டிய கப்பல்களும் அந்தப் பக்கம் போயிருக்கின்றன. கடலோரக் காவல்படைக்காக இங்கே கட்டப்பட்ட ஏழு ரோந்துக் கப்பல்களில் ஆறாவது 'வஜ்ரா'. 2021 மார்ச் 24 அன்று சென்னையில் படையில் சேர்ந்தது. இரண்டு மாதம் கழித்து, கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' என்ற சிங்கப்பூர்க் கப்பல் தீப்பிடித்தது. 1,486 பெட்டிகள், அவற்றில் 25 டன் நைட்ரிக் அமிலம். அமிலம் கசிவது முன்பே தெரிந்திருந்தும், வழியில் கத்தாரின் ஹமாத்தும் குஜராத்தின் ஹசீராவும் அந்தப் பெட்டியை இறக்கிக்கொள்ளவில்லை. இலங்கை உதவி கேட்டது. வஜ்ராவும் வேறு இந்தியக் கப்பல்களும் போய்த் தண்ணீரும் நுரையும் பீய்ச்சின. கப்பல் ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கியது. பிளாஸ்டிக் குருணைகள் இலங்கையின் மேற்குக் கரை நெடுக ஒதுங்கின, ஆமைகள் செத்து மிதந்தன, மீனவர்களுக்குக் கடலில் இறங்கத் தடை வந்தது. ஒரு துறைமுகம் வேண்டாமென்று தட்டிக்கழித்த பெட்டி இன்னொரு நாட்டின் கரையை நாசமாக்கியது. அந்தத் தீயை அணைக்க இந்தியக் கப்பலே போனது. அண்டை நாட்டு உறவின் நல்லது கெட்டது இரண்டும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கின்றன.

பொருளின் கதை இது. ஆளின் கதை வேறு திசையில் போனது.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அதன் பிறகு எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னாருக்குப் போய், அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்பு போகலாம். ஒரே டிக்கெட். 'போட் மெயில்' என்ற பெயர் இன்றும் ராமேஸ்வரம் ரயிலின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, போட்டைத்தான் காணோம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 30 அன்று, இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக ஆக்கப்பட்ட மலையகத் தமிழர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவானது. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் இரு அரசுகளும் கேட்காமல் செய்த பங்கீடு இது.

புயலுக்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய 'ராமானுஜம்' கப்பல் பெரும்பாலும் இந்தப் பங்கீட்டை நிறைவேற்றும் வண்டியாகவே ஆகிப்போனது. கண்டியிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் தகரப் பெட்டியோடு தலைமன்னாருக்கு வந்தவர்கள், இதுவரை பார்த்தே இராத தாய்நாட்டுக்குத் திரும்பினார்கள். போர் தொடங்கியதும் 1984இல் அந்தக் கப்பலும் நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் கப்பல் இல்லாமல் பல்லாயிரம் பேர் அங்கேயே தங்கிப்போனார்கள். அதே சமயம் எதிர்த் திசையில், 1983 ஜூலைக்குப் பிறகு, வள்ளங்களில் ஏறி அகதிகள் வந்துகொண்டிருந்தார்கள். டிக்கெட் எடுத்துப் போகும் வழியை மூடிய அதே ஆண்டுகளில்தான் டிக்கெட் இல்லாமல் வருகிறவர்களின் எண்ணிக்கை பெருகியது. போர்க்காலம் முழுவதும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள் என்பது தமிழக அரசின் கணக்கு.

கியூபாவை இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்க்கலாம். கீ வெஸ்ட்டிலிருந்து கியூபா 150 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை 110. அமெரிக்கா 1961 ஜனவரி 3 அன்று கியூபாவோடு உறவை முறித்தது. 2014 டிசம்பர் 17 அன்று ஒபாமாவும் ராவுல் காஸ்ட்ரோவும் ஒரே நேரத்தில் தொலைக்காட்சியில் தோன்றி, போப் பிரான்சிஸின் துணையோடு நடந்த ரகசியப் பேச்சை வெளியிட்டார்கள். 2015 ஜூலை 20 அன்று தூதரகங்கள் திறந்தன. 2016 மே மாதம் மியாமியிலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் ஹவானா போனது. ஆகஸ்டில் வழக்கமான பயணிகள் விமானச் சேவை மீண்டும் தொடங்கியது.

ஆனால் அந்தத் தூதரகம் உறவுக்கு முன்னும் காரணமில்லை, பின்னும் காப்பில்லை. உறவே இல்லாத 2001இல் அமெரிக்காவிலிருந்து கப்பல்கள் கியூபாவுக்குத் தானியமும் உறைகோழியும் ஏற்றிப்போகத் தொடங்கின. அதற்கு ஒரு வருடம் முன்பே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டிருந்தது. தூதரகம் திறந்த பிறகு, 2017இல், ஊழியர்களுக்கு விளங்காத உடல்நலக் கோளாறு என்று சொல்லி அமெரிக்கா பெரும்பாலோரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஹவானாவில் இருக்கும் ஒருவர் அமெரிக்காவிலுள்ள மகளோடு போய்ச் சேர விசா கேட்க வேண்டுமானால் கயானாவின் தலைநகருக்கு விமானம் ஏற வேண்டும் என்ற நிலை சில ஆண்டுகள் நீடித்தது. 2019 ஜூனில் உல்லாசக் கப்பலும் தடைசெய்யப்பட்டது. கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. கோழி போனது, கிழவி போக முடியவில்லை. கியூபாவில் முறிந்த உறவு, இலங்கையில் முறியாத உறவு. இரண்டிலும் சாதாரண ஆளுக்குக் கிடைத்தது ஒன்றே.

நம் பக்கம் வழி திறக்க முயற்சி நடக்காமல் இல்லை. போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து, 2011 ஜூன் 13 அன்று, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோட்டியா பிரின்ஸ்' என்ற பெரிய கப்பல் விடப்பட்டது. நவம்பருக்குள் நின்றுபோனது. ஆயிரம் பேர் ஏறக்கூடிய கப்பலுக்கு ஆள் சேரவில்லை. கொழும்புக்கு ஏற்கெனவே விமானம் இருக்கும்போது, போர் தின்ற வடக்குக்குப் போக வேண்டிய ஆளை ஏன் தெற்கே சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்குச் சிறு விமானம் ஓடத் தொடங்கியது, கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 'செரியபாணி' கிளம்பியது. நூற்றைம்பது இருக்கை; முதல் நாள் ஐம்பது பேர். வாரமே ஓடவில்லை, வடகிழக்குப் பருவமழை வருகிறது என்று நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 16 அன்று தனியார் நிறுவனத்தின் 'சிவகங்கை' தொடர்ந்தது. மழைக்காலத்தில் நிற்பதும் கோடையில் ஓடுவதுமாக இன்று அது ஒருவாறு நிலைபெற்றிருக்கிறது. வடக்குக்கு நேராகப் போவதுதான் இதன் பலம். சிறு வியாபாரிகள், கோயில் யாத்திரிகர்கள், இங்கே சம்பந்தம் செய்த குடும்பங்கள் ஏறுகிறார்கள்.

காங்கேசன்துறையில் இறங்கினால் தமிழகத்தார் கேட்க விரும்பாத ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கும். கச்சத்தீவை 1974இல் தாரைவார்த்தார்கள் என்பதும், இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைச் சிறைபிடிக்கிறது என்பதும் இங்கே மேடைதோறும் ஒலிக்கிறது. சிறைபிடிப்பும் உண்மை, உயிரிழப்பும் உண்மை. ஆனால் ராமநாதபுரம், புதுக்கோட்டை, நாகைப் பக்கத்து இழுவைமடி விசைப்படகுகள் இரவில் கடலடியைச் சுரண்டிப்போகும்போது அறுபடுவது யாழ்ப்பாண, மன்னார் மீனவர்களின் வலை. அவர்கள் தமிழர்கள், முப்பது வருடம் போரால் கடலுக்குப் போக முடியாமல் கிடந்து, 2009க்குப் பிறகு கடன்வாங்கி வலை போட்டவர்கள். இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. இந்த ஒன்றில் நம் அரசியல் கட்சிகள் அத்தனையும் நேர்மையில்லாமல் இருக்கின்றன என்றே நினைக்கிறேன். அகன்றுபோன அயலவனோடு உறவு சேரும்போது நம் பக்கத்துத் தவறும் பேச்சுக்கு வரும். வராவிட்டால் அது பேச்சே இல்லை.

தமிழகம் சரியாக நடந்துகொண்ட சந்தர்ப்பமும் உண்டு. 2022 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவை இலங்கைக்கு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பத் தீர்மானம் போட்டது. வடக்கு, கிழக்கு, மலையகத் தமிழருக்கு என்றுதான் முதலில் பேச்சு. பசிக்கு இனம் பார்க்க வேண்டாம், எல்லோருக்கும் கொடுங்கள் என்று இலங்கைத் தமிழ்த் தலைவர்களே சொன்னார்கள். மே 18 அன்று, முள்ளிவாய்க்கால் நினைவு நாளில், சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசியோடு முதல் கப்பல் கிளம்பியது. சிங்களக் கிராமங்களிலும் அந்த அரிசி வெந்தது. டெல்லியின் நானூறு கோடி டாலர் உதவியோடு ஒப்பிட்டால் தொகை சிறிது. ஆனால் ஒரு மாநிலம் அயல்நாட்டோடு நேராக நடந்துகொண்ட விதம் அரிது.

காட்டுப்பள்ளியிலிருந்து நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. அங்கே தமிழகத்தின் பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்று உள்ளது. 2021இல் அரசு இவற்றை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது, 317 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தது, பழைய பத்தடிக்குப் பத்தடி வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கியது. குடும்பத் தலைவருக்கு மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. அது நல்ல காரியம். ஆனாலும் அதிகாரிகள் வந்து ஆளைப் பார்த்துக் கணக்கெடுக்கும் நாளில் ஆள் இல்லாவிட்டால் 'பதிவு வெட்டு' ஆகும் என்ற பயம் முகாம்களில் இன்னும் போகவில்லை. பதிவு போனால் பணக்கொடை போகும், அரிசி போகும். இந்த நாட்டில் ஒருவர் இருக்கிறார் என்பதற்கான ஒரே சான்றும் போகும். முகாம் ஆண்களில் பலருக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. ஊர் ஊராகப் போய் மாதக்கணக்கில் தங்கினால்தான் கூலி. கணக்கெடுப்பு நாளுக்கு ஓடிவருவது வேலையின் ஒரு பாகமாகவே ஆகிவிட்டது. பிள்ளைகள் இன்ஜினீயரிங் படிக்கிறார்கள். பெரிய நிறுவனம் கேம்பஸில் எடுக்கும்போது பாஸ்போர்ட் எங்கே என்று கேட்கிறது.

தமிழகம் முழுக்க முகாம்களில் சுமார் 58,000 பேரும், காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே சுமார் 34,000 பேரும் வாழ்கிறார்கள். முகாம்வாசிகளில் ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் மலையக வம்சாவளி, அதாவது 1964 ஒப்பந்தப்படி இந்தியா ஏற்றுக்கொண்டிருக்க வேண்டிய வரிசையில் நின்றவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள். 2019 ஜூன் மாதம் மதுரைக் கிளை நீதிமன்றம் அப்படிப்பட்ட 65 பேரின் குடியுரிமை விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தோரைப் பேசியது, இலங்கையைச் சேர்க்கவில்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் குடிமகள்தான் என்ற சட்டத்தைக் காட்டி வழக்காடி, பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். முப்பத்தெட்டு வயதில் முதல் வாக்கு.

இலங்கைப் பக்கமும் கதவு முழுக்க அடைபட்டிருக்கவில்லை. 2003இல் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது. இந்திய முகாம்களில் இருப்போருக்கும் அது பொருந்தும்படி 2009இல் திருத்தினார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையம் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்து, விரும்பியவர்களைத் திருப்பி அனுப்பிவந்தது. பலர் போனார்கள், இன்னும் பலர் தயங்கினார்கள். தையல் மெஷின், பீரோ, பாத்திரம், பிள்ளைகளின் சைக்கிள் என்று முப்பது வருடக் குடித்தனத்தை விமானத்தில் கொண்டுபோக முடியாது. கப்பல் விடுங்கள் என்பது முகாம்களின் நெடுநாள் கோரிக்கை. வேடிக்கை என்னவென்றால் இப்போது கப்பல் இருக்கிறது. ஆனால் அதில் ஏறப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் இல்லாதவர் வெளியேறும் அனுமதிக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

2025 மே மாதம் நடந்தது இன்னும் மோசம். ஐ.நா. ஆணையத்தின் ஏற்பாட்டில் முறையான பயணப் பத்திரத்தோடு திரும்பிய, எழுபது வயதைக் கடந்த ஒருவர் பலாலி விமான நிலையத்தில் கைதானார். பல்லாண்டு முன்பு, போருக்குப் பயந்து, அனுமதிக்கப்பட்ட துறைமுகம் வழியே போகாமல் நாட்டை விட்டு வெளியேறினார் என்பது குற்றம். அவர் கிளம்பிய நாளில் அனுமதிக்கப்பட்ட துறைமுகத்திலிருந்து இந்தியாவுக்கு ஒரு கப்பலும் இல்லை என்பதைச் சட்டம் பார்க்கவில்லை. வடக்கின் தலைவர்கள் கொதித்தார்கள், அவர் பிணையில் வந்தார். செய்தி மட்டும் ஒவ்வொரு முகாமுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இரு நாடுகள் உட்கார்ந்து பேசி மனிதர்களுக்குத் தேர்வு கொடுத்த முன்னுதாரணம் இந்தியாவிடமே இருக்கிறது. வங்கதேசத்தோடு எல்லை ஒப்பந்தத்தை நிறைவேற்றி, 2015 ஜூலை 31 நள்ளிரவில், ஒருவர் நாட்டுக்குள் மற்றவருடைய துண்டு நிலங்களாகக் கிடந்த 162 இடங்களை மாற்றிக்கொண்டார்கள். அங்கே வாழ்ந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் வீடு வீடாகப் போய், எந்த நாட்டுக் குடிமகனாக இருக்க விருப்பம் என்று கேட்டார்கள். பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருக்க விரும்பினார்கள். இடம்பெயர்ந்தது சுமார் ஆயிரம் பேர். குடியுரிமை என்றதும் மக்கள் வெள்ளமாகப் புரண்டுவருவார்கள் என்ற அதிகாரிகளின் அச்சம் அங்கே பொய்த்தது. அதற்காக அரசியல் சட்டத்தையே, நூறாவது முறையாக, திருத்த வேண்டியிருந்தது. நாடாளுமன்றத்தில் எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை.

எதிர்வாதத்தை ஒதுக்க முடியாது. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரை டெல்லி மறக்கவில்லை. தமிழகக் காவல்துறையின் க்யூ பிரிவின் பார்வை முகாம்களை விட்டு விலகாததற்கு அதுவே வேர். ஆனால் அன்று கைக்குழந்தையாக இருந்தவருக்கு இன்று முப்பத்தைந்து வயதாகிறது. கொழும்புக்கும் அதன் பயம் உண்டு. இந்தியா கொடுக்கும் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் வடக்கைப் பற்றிய கணக்கு இருக்கிறது என்ற சந்தேகம் சிங்கள அரசியலில் பழையது. இலங்கை அதிபர் அனுர குமார திசாநாயக்கவின் கட்சி 1987 ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் ஏந்திய கட்சி. அவரே 2024 டிசம்பரில் முதல் வெளிநாட்டுப் பயணமாக டெல்லி வந்து, இந்தியாவின் நலனுக்கு எதிராக இலங்கை மண்ணை விட மாட்டோம் என்றார். 2025 ஏப்ரலில் மோடி கொழும்பு போனபோது பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தமே கையெழுத்தானது. போர்க்கப்பலைப் பற்றிப் பேசும் அளவுக்கு நம்பிக்கை வந்துவிட்ட இரு அரசுகளுக்கு, கும்மிடிப்பூண்டியில் பெயின்ட் அடிப்பவரின் பயணப் பத்திரத்தைப் பற்றிப் பேச முடியாமல் போக நியாயமில்லை.

டெல்லி ஓர் அடி எடுத்துவைத்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 தேதியிட்ட உள்துறை ஆணை, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. குடியுரிமைக்கு இது வெகு தூரம். ஆனால் வந்தது குற்றம் என்ற குற்றச்சாட்டு விழுந்துவிட்டது. கொழும்பில் அதே வகுப்பினருக்கு, அதே தேதியை வைத்து, போனது குற்றமில்லை என்று ஓர் ஆணை வந்தால் முதியவர்கள் பலாலியில் நீதிமன்றத்துக்குப் போகாமல் வீட்டுக்குப் போகலாம். அதோடு சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம் முகாம்களுக்கே வந்து பிறப்புப் பதிவும் பயணப் பத்திரமும் கொடுத்து, நாகைக் கப்பலில் சாமான் ஏற்றத் தனிச் சலுகையும் இருந்தால், போக விரும்புகிறவர் யார், இங்கேயே இருந்து குடியுரிமை கேட்கிறவர் யார் என்பது முதல்முறையாக ஆட்களின் வாயிலிருந்தே தெரியவரும். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று சொல்பவர்கள் எத்தனை பேர் என்பதும் தெரியும். என் கணிப்பில் அவர்கள்தான் அதிகம். பழைய வீட்டின் கிணறு இருக்கிறதா, காணியில் யார் இருக்கிறார்கள், சாகாமல் இருக்கும் தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று பார்க்க ஒரு மாதம் போதும் அவர்களுக்கு. திரும்பி வரும்போது பதிவு வெட்டப்பட்டிருக்காது என்று கும்மிடிப்பூண்டி வருவாய் அலுவலகம் எழுதிக் கொடுக்க வேண்டும்.